வலைப்பூ தொடங்குகிறீர்களா? முதலில் பேப்பரில் வரையுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலருக்கும் மெயில், படம் பார்ப்பது, டைப் செய்வது எல்லாம் கைவந்தவுடன் அடுத்து வருகிற ஆசை, "நாமும் ஒரு வலைப்பூ தொடங்கினால் என்ன?" என்பதுதான். நல்ல ஆசை. செலவும் இல்லை. 1999-ல் பைரா லேப்ஸ் என்ற சிறு நிறுவனம் தொடங்கிய பிளாக்கர் சேவையை 2003-ல் கூகுள் வாங்கியது. அதே 2003-ல் வேர்ட்பிரஸ் வந்தது. இந்த இரண்டில் எதிலும் பத்து நிமிடத்தில் இலவசமாக ஒரு வலைப்பூவைத் திறந்து விடலாம்.

திறந்த பிறகுதான் சிக்கல். "தீம்" என்ற பகுதிக்குள் போனால் துணிக்கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். இது நன்றாக இருக்கிறதே, அதுவும் நன்றாக இருக்கிறதே என்று ஒரு வாரம் ஓடி விடும். பின்னணிக்கு ஒரு படம், மேலே ஒரு பேனர், ஓரத்தில் கடிகாரம், காலண்டர் என்று சேர்த்துக் கொண்டே போவோம். எழுத வந்த கட்டுரை மட்டும் எழுதப்படாமல் இருக்கும். எழுதிப் போட்டாலும், படிக்க வந்தவர் கண்ணைச் சுருக்கிக் கொண்டு பாதியில் போய் விடுவார்.

இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. வலைப்பூவின் தோற்றத்தை மேலிருந்து கீழாக, அதாவது பேனரில் இருந்து தொடங்காதீர்கள். உள்ளிருந்து வெளியே போங்கள். முதலில் ஒரு பத்தி எழுத்து. அது வசதியாகப் படிக்கக் கிடைத்த பிறகு அதைச் சுற்றி மற்றவை. இந்த வரிசையில் எப்படித் திட்டமிடுவது என்று பார்ப்போம்.

1. யார் படிக்கப் போகிறார்கள்?

கம்ப்யூட்டரைத் தொடும் முன்பு ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். இரண்டே இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். யார் படிப்பார்கள்? எதில் படிப்பார்கள்?

என் பெரியப்பாவின் வலைப்பூவையே உதாரணமாக எடுத்துக் கொள்கிறேன். ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர். தன் ஊர்ப் பக்கத்துக் குளங்கள், கோயில்கள், பழைய கடைத்தெருக்கள் பற்றி எழுத ஆசைப்பட்டார். அவருடைய தாளில் வந்த பதில்: "என்னோடு வேலை பார்த்தவர்கள், சொந்தக்காரர்கள். பாதிப் பேருக்கு அறுபது வயதுக்கு மேல். எல்லாரும் போனில்தான் பார்ப்பார்கள்."

இந்த மூன்று வரிகளிலேயே தோற்றத்தில் பாதி முடிவாகி விட்டது. எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். நிறம் அழுத்தமாக இருக்க வேண்டும். போன் திரையில் சரியாக வர வேண்டும். நீங்கள் சமையல் குறிப்பு எழுதுபவராக இருந்தால் பதில் வேறு மாதிரி வரும். அடுப்படியில் போனை நிறுத்தி வைத்து, நாலடி தள்ளி நின்று பார்ப்பார்கள். அதற்கேற்ற திட்டம் வேண்டும்.

2. எழுத்து

ஆங்கில வலைப்பூக்களுக்கான ஆலோசனைகளை அப்படியே தமிழுக்கு எடுத்துக் கொள்ள முடியாது. நம் எழுத்துகளில் சுழியும் வளைவும் அதிகம். ண, ஞ, ஐ, இ போன்றவற்றைச் சின்ன அளவில் போட்டால் உள்ளே இருக்கும் வெள்ளை இடம் அடைத்துக் கொண்டு கறுப்புப் பொட்டு போலத் தெரியும். மேலே புள்ளியும் கொம்பும், கீழே உகரச் சுழியும் வருவதால் வரிக்கு வரி இடைவெளியும் கூடுதலாகத் தேவை.

பிரவுசர்கள் வழக்கமாக வைத்திருக்கும் எழுத்தளவு 16 பிக்ஸல். பிளாக்கரின் பழைய தீம்கள் சிலவற்றில் 12, 13 பிக்ஸல்தான் இருக்கும். தமிழுக்கு அது போதாது. 17 அல்லது 18 பிக்ஸல் வையுங்கள். வரி உயரம் எழுத்தளவைப் போல 1.6 முதல் 1.8 மடங்கு இருந்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும்.

இதை மாற்ற பிளாக்கரில் இடப்பக்க மெனுவில் "தீம்" என்பதைக் கிளிக் செய்து, "கஸ்டமைஸ்" பட்டனை அழுத்துங்கள். வரும் பக்கத்தில் "அட்வான்ஸ்டு" என்ற பிரிவில் எழுத்தளவு, நிறம் எல்லாம் இருக்கும். அங்குள்ள தலைப்புகளின் பெயர்கள் தீமுக்குத் தீம் மாறும். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் முன்னோட்டத்தில் உடனே தெரிந்து விடும்.

இங்கே புதியவர்களைக் குழப்பும் ஒரு விஷயம் உண்டு. அந்தப் பட்டியலில் உள்ள எழுத்துருக்களில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுப்பீர்கள். ஆங்கில எழுத்தும் எண்களும் மாறும். தமிழ் மட்டும் அப்படியே இருக்கும்! கோளாறு ஒன்றும் இல்லை. பட்டியலில் உள்ளவை பெரும்பாலும் ஆங்கில எழுத்துருக்கள். அவற்றுக்குள் தமிழ் எழுத்துகளே கிடையாது. எனவே பிரவுசர் தமிழுக்கு மட்டும் படிப்பவரின் கருவியில் உள்ள எழுத்துருவை எடுத்துக் கொள்கிறது. விண்டோஸில் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில் லதா வந்தது, விண்டோஸ் 8-ல் நிர்மலா யூஐ வந்தது. ஆண்ட்ராய்டு போன்களில் நோட்டோ சான்ஸ் தமிழ். ஆப்பிளில் தமிழ் சங்கம் எம்என். ஆக, உங்கள் கட்டுரை ஒவ்வொருவர் திரையிலும் கொஞ்சம் வேறு முகத்தோடுதான் தெரியும்.

இதில் கவலைப்பட ஒன்றும் இல்லை. இவை எல்லாமே படிக்கத் தகுந்த எழுத்துருக்கள்தான். கட்டுரைப் பகுதிக்கு இவற்றையே விட்டு விடுவது நல்லது. கூடுதலாக எதுவும் டவுன்லோடு ஆக வேண்டியதில்லை என்பதால் பக்கமும் வேகமாகத் திறக்கும். வலைப்பூவின் பெயருக்கு மட்டும் அழகு வேண்டும் என்றால், கூகுள் பாண்ட்ஸ் தளத்தில் ஹிந்த் மதுரை, முக்தா மலர், மீரா இனிமை, பவனம் போன்ற தமிழ் எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்று போதும்.

மூன்று விஷயங்களைத் தவிருங்கள். முதலாவது, சாய்வெழுத்து. ஆங்கிலத்தில் சாய்வெழுத்துக்கு என்றே தனியாக வரைந்த உருவங்கள் உண்டு. தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் அது இல்லை. பிரவுசர் நேர் எழுத்தையே பிடித்துச் சாய்க்கும். பார்க்க விழப்போவது போல இருக்கும். இரண்டாவது, பத்தி முழுவதையும் தடித்த எழுத்தில் போடுவது. மூன்றாவது, இரு ஓரமும் நேராக வரும்படி பத்தியை இழுத்துச் சீராக்குவது. நாளிதழில் அழகாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் போன் திரையில் ஒரு வரிக்குத் தமிழ்ச் சொற்கள் மூன்று நான்குதான் பிடிக்கும். நம் சொற்கள் நீளமானவை. பிரவுசர் அவற்றைப் பொதுவாக நடுவில் உடைப்பதும் இல்லை. விளைவு, சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய ஓட்டைகள். இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும்.

3. நிறம்

எழுத்துக்கு ஒன்று, பின்னணிக்கு ஒன்று, இணைப்புகளுக்கு ஒன்று. ஆக மூன்று நிறங்கள். இதற்கு மேல் போனால் கட்டுப்படுத்துவது கஷ்டம்.

எழுத்தும் பின்னணியும் எவ்வளவு வேறுபட்டுத் தெரிகின்றன என்பதை அளக்க ஒரு கணக்கு இருக்கிறது. வெள்ளையில் கறுப்புக்கு 21-க்கு 1. இதுதான் உச்சம். வெள்ளையில் வெள்ளை என்றால் 1-க்கு 1. இணையத்தின் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008-ல் வெளியிட்ட வழிகாட்டி, சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது. பெரிய தலைப்புகளுக்கு 3-க்கு 1 போதும்.

நடைமுறையில் பார்ப்போம். நிறத்தைக் குறிக்க ஆறு இலக்கக் குறியீடு பயன்படுத்துவார்கள். இரண்டிரண்டாக சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு என்று அது சொல்லும். மூன்றும் ஒரே எண்ணாக இருந்தால் சாம்பல் வகை. வெள்ளைப் பின்னணியில் #333333 என்ற அடர் சாம்பலுக்குச் சுமார் 12.6 கிடைக்கும். தாராளம். #767676 என்றால் சுமார் 4.5. பாஸ் மார்க். #999999 என்றால் 2.8 அளவுதான். பெயில். சில புதிய தீம்களில் நாகரிகமாகத் தெரியும் வெளிர் சாம்பல் எழுத்து இந்தப் பெயில் வகையைச் சேர்ந்ததுதான். வெள்ளையில் பளீர் சிவப்பு எழுத்தும் சுமார் 4 தான் வாங்குகிறது. முக்கியமான செய்தியைச் சிவப்பில் போடுவது நம் வழக்கம். ஆனால் முழுப் பத்தியையும் அப்படிப் போட்டால் படிக்கிறவருக்குத்தான் சிரமம்.

பெரியப்பாவுக்குச் சாம்பல் எழுத்துள்ள ஒரு தீமைத்தான் முதலில் காட்டினேன். "ஏம்ப்பா, பிரிண்டர்ல மை தீர்ந்து போன மாதிரி இருக்கே?" என்றார். அதற்கு மேல் கணக்கு தேவைப்படவில்லை. அடர் சாம்பலுக்கு மாற்றினோம்.

இணைப்புகளுக்கு அடிக்கோடு இருக்கட்டும். நிறத்தை மட்டும் வைத்து வேறுபடுத்தினால், நிறங்களைப் பிரித்துப் பார்ப்பதில் குறை உள்ளவர்களுக்கு எது இணைப்பு என்றே தெரியாது. பின்னணியில் படம் வேண்டவே வேண்டாம். எவ்வளவு அழகான படமானாலும் எழுத்துக்கு அடியில் அது வெறும் அழுக்குதான்.

4. இட அமைப்பு

இப்போது தாளில் இரண்டு கட்டங்கள் வரையுங்கள். அகலமான கட்டம் கம்ப்யூட்டர் திரை. ஒடுக்கமான நீளக் கட்டம் போன். முதலில் போனை நிரப்புங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் பிரவுசரின் கணக்குப்படி அகலம் 360 முதல் 412 பிக்ஸல்தான். அதில் ஒரே ஒரு பத்திதான் நிற்கும். மேலே வலைப்பூவின் பெயர், அதன் கீழே கட்டுரைத் தலைப்பு, உடனே கட்டுரை. விரலால் தள்ளாமலே கட்டுரையின் முதல் இரண்டு வரிகள் தெரிய வேண்டும். பேனர் படம் பாதித் திரையை அடைத்துக் கொண்டால், அதன் உயரத்தைக் குறையுங்கள்.

பிறகு கம்ப்யூட்டர் கட்டம். இங்கே இடம் அதிகம் என்பதற்காகக் கட்டுரையைத் திரை முழுவதும் நீட்டாதீர்கள். வரி நீளமானால், ஒரு வரி முடிந்து அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடும்போது கண் தடுமாறும். 650 முதல் 700 பிக்ஸல் அகலம் சரியாக இருக்கும். 18 பிக்ஸல் எழுத்தில் வரிக்கு ஆறு முதல் எட்டுச் சொற்கள் வரும். மீதி இடத்தில் ஒரு பக்கப் பட்டை வைக்கலாம்.

பக்கப் பட்டையில் என்ன? மூன்று போதும். உங்களைப் பற்றி இரண்டு வரி, தேடும் பெட்டி, பழைய கட்டுரைகளின் பட்டியல். இங்கே ஒரு எச்சரிக்கை. தமிழ்ச் சொல் நீளமானது என்பதால் ஒடுக்கமான பட்டையில் பெட்டியைத் தாண்டி வெளியே துருத்தும். எனவே "தொடர்புகொள்வதற்கு" என்று வைப்பதை விட "தொடர்பு" என்று வையுங்கள். கடிகாரம், வருகை எண்ணி, ஓடும் எழுத்து, தானாகப் பாடும் பாட்டு ஆகியவை 2000-களில் பெரிய நாகரிகம். இப்போது போனிலேயே கடிகாரம் இருக்கிறது. ஓடும் எழுத்துக்கான கட்டளையை எச்டிஎம்எல் தரமே காலாவதியானது என்று ஒதுக்கி விட்டது.

போன் வேறு, கம்ப்யூட்டர் வேறு என்று இரண்டு முறை செய்ய வேண்டுமா என்று பயப்பட வேண்டாம். 2010-ல் ஈதன் மார்கோட் என்ற வடிவமைப்பாளர் திரையின் அகலத்துக்கேற்பப் பக்கம் தானே மாறிக் கொள்ளும் முறையை விளக்கிக் கட்டுரை எழுதினார். இன்றைய தீம்கள் அந்த வழியில்தான் செய்யப்படுகின்றன. பிளாக்கரில் 2017-ல் வந்த கண்டெம்போ, சோஹோ, எம்போரியோ, நோட்டபிள் ஆகிய நான்கும் அப்படிப்பட்டவை. இவற்றில் ஒன்றை எடுத்து, எழுத்தளவையும் நிறத்தையும் மட்டும் மாற்றிக் கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

5. படங்கள்

12 மெகாபிக்ஸல் போன் கேமராவில் எடுத்த படம் சுமார் 4000-க்கு 3000 பிக்ஸல் இருக்கும். உங்கள் பத்தியின் அகலமோ 700 பிக்ஸல்தான். முழுப் படத்தையும் ஏற்றுவது, குடிக்கத் தண்ணீர் கேட்டவருக்கு லாரியை அனுப்புவது மாதிரி. விண்டோஸில் உள்ள பெயிண்ட் புரோகிராமில் படத்தைத் திறந்து, "ரீசைஸ்" கட்டளை மூலம் அகலத்தை 1200 பிக்ஸலாகக் குறைத்து, ஜேபெக் வகையில் வேறு பெயரில் சேமியுங்கள். மூலப் படம் உங்களிடம் பத்திரமாக இருக்கட்டும்.

எல்லாப் படங்களும் ஒரே அகலத்தில், நடுவில் நிற்கட்டும். சிறிய படத்தை ஓரத்தில் வைத்து எழுத்தைச் சுற்றி ஓட விட்டால், போனில் அந்த ஓரத்தில் ஒற்றைச் சொல் வரிகளாகத் தொங்கும்.

6. தோற்றம் தீமில், எழுத்து கட்டுரையில்

இதுவரை சொன்னதை எல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். இணையப் பக்கத்தில் எழுத்தும் அதன் தோற்றமும் தனித்தனி. எழுத்தை எச்டிஎம்எல் வைத்திருக்கும். நிறம், அளவு, இடைவெளி ஆகியவற்றை சிஎஸ்எஸ் என்ற தனி மொழி சொல்லும். தீம் என்பது அந்தத் தோற்றக் கட்டளைகளின் தொகுப்பு. உடம்பும் சட்டையும் மாதிரி. சட்டையை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

ஆனால் கட்டுரை எழுதும் பெட்டியில் எழுத்தைத் தேர்ந்தெடுத்து நிறம் கொடுத்தால், அந்த நிறம் சட்டையில் போகாது. பச்சை குத்திய மாதிரி உடம்பிலேயே பதிந்து விடும். என் நண்பர் ஒருவர் கறுப்புப் பின்னணி வைத்து, ஒவ்வொரு கட்டுரையிலும் கையால் வெள்ளை நிறம் கொடுத்து எழுதி வந்தார். அறுபது கட்டுரைகளுக்குப் பிறகு வெள்ளைத் தீமுக்கு மாறினார். அறுபதும் காணோம்! மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்தால் மட்டும் எழுத்து தெரிந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து சரி செய்ய வேண்டியதாயிற்று.

வேர்டில் டைப் செய்து காப்பி செய்து ஒட்டினாலும் இதே தொல்லைதான். வேர்டின் எழுத்துரு, அளவு, நிறம் எல்லாம் கூடவே வந்து ஒட்டிக் கொள்ளும். எனவே ஒட்டும்போது கண்ட்ரோல்+ஷிப்ட்+வி அழுத்துங்கள். வெறும் எழுத்து மட்டும் வரும். அல்லது நோட்பேடில் ஒரு முறை ஒட்டி, அங்கிருந்து எடுங்கள்.

அதே போல உட்தலைப்பு வேண்டும் என்றால் எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்காதீர்கள். எழுதும் பெட்டியின் மேலே "பாராகிராப்" என்றிருக்கும் பட்டியலைத் திறந்து "சப்ஹெடிங்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதன் பயன் கண்ணுக்குத் தெரிவதோடு முடிவதில்லை. பார்வையற்றவர்கள் என்விடிஏ போன்ற திரை வாசிப்பான் மூலம் கேட்கும்போது, உட்தலைப்பு விட்டு உட்தலைப்பு தாவிச் செல்ல முடியும். வெறுமனே பெரிதாக்கிய எழுத்து அவர்களுக்குத் தலைப்பே இல்லை.

தமிழில் இது இன்னும் முக்கியம். யூனிகோட் பரவுவதற்கு முன்பு ஒவ்வொரு தளமும் தனக்கென்று ஒரு எழுத்துரு வைத்திருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் கட்டுரை புரியாத குறிகளாகத் தெரிந்தது. எழுத்தும் தோற்றமும் பிரிக்க முடியாமல் ஒட்டிக் கிடந்ததன் விலை அது. இன்று நாம் யூனிகோடில் எழுதுகிறோம். தோற்றத்தையும் கட்டுரைக்கு வெளியே வைத்து விட்டால், இருபது ஆண்டு கழித்து வேறு தீமுக்கோ வேறு சேவைக்கோ மாறினாலும் எழுதியது எழுதியபடி இருக்கும்.

7. சோதனை

முதல் கட்டுரையை முழுதாக எழுதிப் போட்ட பிறகுதான் சோதிக்க வேண்டும். மாதிரிக்கு நாலு வரி போட்டுப் பார்த்தால் எந்தத் தீமும் அழகாகத்தான் இருக்கும். நீளமான தலைப்பு, ஒரு படம், ஒரு உட்தலைப்பு, ஒரு இணைப்பு நான்கும் அதில் இருக்கட்டும்.

* குரோம் பிரவுசரில் எப்12 கீயை அழுத்தி, பிறகு கண்ட்ரோல்+ஷிப்ட்+எம் அழுத்தினால், பக்கம் போன் அளவில் தெரியும். அகலத்தை 360 என்று கொடுத்துப் பாருங்கள்.
* நிஜப் போனில், பகல் வெயிலில் வாசலில் நின்று படித்துப் பாருங்கள். வெளிர் நிறங்களின் குட்டு அங்கே வெளிப்படும்.
* வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் கொடுத்து, எதுவும் சொல்லாமல் ஐந்து நிமிடம் கவனியுங்கள். போனை முகத்தருகே கொண்டு போகிறாரா, இரண்டு விரலால் பெரிதாக்குகிறாரா என்று பாருங்கள். ஆம் என்றால் எழுத்தளவை ஒரு பிக்ஸல் ஏற்றுங்கள்.

எல்லாம் திருப்தியானதும் "தீம்" பகுதியில் கஸ்டமைஸ் பட்டனுக்குப் பக்கத்தில் உள்ள அம்புக்குறியைக் கிளிக் செய்து, "பேக்கப்" மூலம் தீமின் ஒரு பிரதியை உங்கள் கம்ப்யூட்டரில் சேமித்துக் கொள்ளுங்கள். பின்னால் எதையாவது மாற்றப் போய்க் குழம்பினால், அதே இடத்தில் "ரீஸ்டோர்" கொடுத்துப் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

அதன் பிறகு பத்துக் கட்டுரைகள் எழுதி முடிக்கும் வரை தீம் பக்கம் போக வேண்டாம். பத்துக் கட்டுரைகள் வந்த பின் எங்கே இடிக்கிறது, எது தேவை என்பது உங்களுக்கே தெரிந்து விடும். அப்போது மாற்றிக் கொள்ள ஒரு மணி நேரம் போதும்.